பூ கட்டிக் கேட்ட கேள்வி

வைத்தியம் செய்வதா, செய்தால் எங்கே கொண்டுபோய்ச் செய்வது, செய்த வைத்தியம் பலிக்குமா என்ற மூன்று கேள்விகளையும் வைத்தியரிடம் கேட்பதற்கு முன்னால் தெய்வத்தின் சந்நிதியில் கேட்டுவிடுவது, தருமபுரிச் சீமையில் நான் சிறுவனாக இருந்த நாள்வரையில் பல வீடுகளில் நடைபெற்றுவந்த வழக்கம். கேட்கும் முறைகள் பல. அம்மன் சிலையின் வலப்புறத்திலிருந்து பூ விழுந்தால் உத்தரவு என்றும் இடப்புறத்திலிருந்து விழுந்தால் தடை என்றும் கொள்வார்கள் சிலர். பூசாரிக்கு அருள் வரும்வரையில் உடுக்கை அடித்துக் காத்திருப்பார்கள் சிலர். எங்கள் வீட்டில் பூ கட்டிப் பார்ப்பார்கள். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாத இரண்டு இலைப் பொட்டலங்களாகக் கட்டிக் குலுக்கி, சாமியின் காலடியில் வைத்துக் கர்ப்பூரம் காட்டியபின், விஷயம் இன்னதென்று அறியாத ஒரு குழந்தையை அழைத்து அவற்றுள் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

1964-ஆம் வருஷத்தில், எங்கள் கிராமம் இன்னும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், அவ்வாறு அழைக்கப்பட்ட குழந்தை நான். எனக்கு அப்போது ஐந்து வயது. என் அத்தை, தகப்பனாரின் தங்கை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர், பிள்ளை பிறந்த சில மாதங்களில் பேச்சை விட்டார். பிறகு சோற்றை விட்டார். பிறகு பிள்ளை அழுதாலும் திரும்பிப் பாராமல் மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அவரைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்பதே அன்று சந்நிதியில் வைக்கப்பட்ட கேள்வி. நான் எடுத்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது.

இந்த மனிதருக்கு இந்த வைத்தியம் பலிக்குமா என்ற அதே கேள்வியை இன்று நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் நாட்டிங்ஹாமிலும் மூளைப் பகுதிகளின் இணைப்பைப் படமெடுத்துக் கேட்கிறார்கள். மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ச் சந்நிதி நினைவுக்கு வருகிறது. கேள்வி பழையது; அதை இந்தச் சீமை எவ்வெவ்வாறு கேட்டுவந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதுவது என் கடமையென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்த நாடு துயரத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாத நாடு அன்று. இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் 235-ஆவதாக நிற்கிறது. அதன் துறை கையறுநிலை. செய்வதற்கு ஏதுமின்றிக் கை ஓய்ந்துபோதல் என்று பொருள்படும் இச்சொல்லைப்போல் மனச்சோர்வின் உள்ளிருப்பைச் சொல்லும் சொல் வேறொன்றை நான் அறியேன். ஆயினும் ஔவையாரின் துயரத்துக்குக் காரணம் இருந்தது, எல்லையும் இருந்தது. காரணம் தீர்ந்தபின்னும் தீராமல், அல்லது காரணமே இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் சோர்வை நம் முன்னோர் வேறாகப் பிரித்தே கண்டிருக்கிறார்கள். அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டு வகையாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் குறியும் மருந்தும் கூறுகிறது. எங்கள் ஊரார்க்கு அந்தப் பதினெட்டும் தெரியாது. ‘மனசு விட்டுப்போச்சு’ என்றார்கள். ‘பித்து ஏறிடுச்சு’ என்றார்கள். ‘காத்து சேட்டை’ என்றும் சொன்னார்கள். இக்காலப் பத்திரிகைகள் பயன்படுத்தும் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லில் எனக்குத் திருப்தியில்லை. பரீட்சைக்குப் போகும் மாணவனின் பதற்றத்தையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட என் அத்தையின் நிலையையும் ஒரே சொல்லால் குறிப்பது இரண்டையும் விளங்காமல் செய்துவிடுகிறது. ஆகையால் மனச்சோர்வு என்ற சொல்லையே கையாளுகிறேன்.

மனம் விட்டுப்போனவர்களுக்கு முதலில் வேப்பிலை, கயிறு, மந்திரிப்பு. அதற்கும் தீராவிட்டால் தீர்த்தமலை. அரூர்த் தாலுகாவில் உள்ள அம்மலையில் இராம தீர்த்தம், அகஸ்திய தீர்த்தம், கௌரி தீர்த்தம், குமார தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று ஐந்து தீர்த்தங்கள் உண்டு. பாறை விளிம்பிலிருந்து விழும் இராம தீர்த்தத்தின் கீழே, தலையைப் பிடித்துக்கொள்ள இருபுறமும் இருவர் நிற்க, நடுவில் கண்ணில் ஒளியில்லாமல் நின்ற மனிதர்களைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த நீரும், மலையேறிய களைப்பும், உறவினர் தம்மைக் கைவிடவில்லை என்ற உணர்வும் சேர்ந்து சிலரைத் தேற்றியிருக்கும். அதை இகழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சர்க்கார் இந்த விஷயத்தில் பிரவேசித்த வரலாறு வேறு வழியில் நடந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான், தருமபுரி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அலெக்சாண்டர் ரீட் என்பவரும் அவருக்கு உதவியாகத் தருமபுரியில் தங்கிய தாமஸ் மன்றோவும் வயல்வயலாக நடந்து நிலத்தை அளந்து வரி விதித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1794-இல், வாலன்டைன் கானொலி என்ற டாக்டர் சென்னையில் சித்தம் கலங்கியவர்களுக்கென ஒரு காப்பகத்தை ஏற்படுத்தினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்துக்குப் பெயர்ந்தது. அதன்பின் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஒரு பேட்டையின் பெயராக இருந்தது போய், தமிழ்நாடு முழுவதும் ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. தருமபுரியிலிருந்து ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்த வழி எது? 1858-ஆம் வருஷத்துச் சட்டமும், பின்வந்த 1912-ஆம் வருஷத்துச் சட்டமும், தெருவில் திரிபவரையும் பிறர்க்கு அபாயம் விளைப்பவரையும் போலீசார் பிடித்து மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்தவும், அவர் உத்தரவின்பேரில் காப்பகத்துக்கு அனுப்பவும் வகை செய்தன. கூச்சலிட்டவர்களைச் சட்டம் கண்டது. பேசாதவர்களை, உண்ணாதவர்களை, வீட்டின் பின்கட்டில் சுவரைப் பார்த்திருந்தவர்களை அது காணவேயில்லை. அவர்களுடைய பெயர் எந்தத் தஸ்தாவேஜிலும் ஏறவில்லை. நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கெழுதிய ராஜாங்கத்தில் மனச்சோர்வுக்குக் கணக்கு இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

தருமபுரியார்க்குச் சென்னையைக் காட்டிலும் பெங்களூர் எப்போதும் கிட்டம். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். 1847-இல் தோன்றிய பெங்களூர்ச் சித்தம் கலங்கியோர் காப்பகம், சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் நகரத்தின் தென்புறத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1954-இல் அதை ஒட்டி அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப்பட்டது. 1974-இல் இரண்டும் ஒன்றாக இணைந்து நிம்ஹான்ஸ் என்று வழங்கலாயின. அது நிற்கும் சாலையின் பெயர் ஓசூர்ச் சாலை. தருமபுரியிலிருந்து புறப்படும் பஸ் ஓசூரைக் கடந்து எந்தத் திசையை நோக்கிச் செல்கிறதோ, அந்தத் திசையில் அவ்வாஸ்பத்திரி நமக்காகவே கட்டிவைத்ததுபோல் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் எங்கள் ஊரில் அந்த ஆஸ்பத்திரி என்றால் ‘கரண்டு வைக்கிற இடம்’ என்று பொருள். 1938-இல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்ற இருவர் தொடங்கிய மின் அதிர்வுச் சிகிச்சை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகமெங்கும் பரவி, மயக்க மருந்தில்லாமலே பல இடங்களில் செய்யப்பட்டதால், பார்த்தவர் நெஞ்சில் பயத்தை விதைத்தது. அப்பயமே எங்கள் வீட்டில் பூ கட்டச் செய்தது. உண்மையில், உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வில், மயக்கம் கொடுத்து முறையாகச் செய்யும் மின் அதிர்வுச் சிகிச்சை இன்றும் மிக நன்றாகப் பலிப்பவற்றுள் ஒன்று. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் மயக்க மருந்தில்லாமல் அதைச் செய்யக் கூடாதென்று தடுத்ததே ஒழிய அதை விலக்கவில்லை. அத்தையைப்போல் உணவை விட்டவர்களுக்கே அது மிகவும் உதவும் என்பதை நான் பிற்காலத்தில் அறிந்தபோது அடைந்த வேதனையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

மருந்துகள் 1950-களின் இறுதியில் வரத் தொடங்கின. அவை எண்ணற்றவர்களை எழுப்பி நடக்கச் செய்தன. ஆனால் எல்லாரையும் அன்று. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட பெரும் ஆராய்ச்சி ஒன்றில், முதல் மருந்திலேயே முழு நலம் அடைந்தவர் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. ஒரு மருந்து பலிக்கிறதா என்றறிய ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருக்கவேண்டும், பலிக்காவிட்டால் அடுத்தது. எழுந்து பல் துலக்குவதற்கே வலுவில்லாத ஒரு மனிதருக்கு எட்டு வாரம் என்பது எவ்வளவு நீண்ட காலம் என்பதை அருகில் இருந்தவர்களே அறிவார்கள். எது பலிக்குமென்று முன்னமே சொல்ல முடிந்தால் என்ற ஏக்கம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

இனிக் காந்தத்துக்கு வருவோம். அதற்கும் தீர்த்தமலையையே சுற்றி வரவேண்டியிருக்கிறது. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் பூட் என்ற இரு பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் 1864-இல் வெளியிட்ட நூலில், பழைய சேலம் ஜில்லாவின் காந்த இரும்புப் படுகைகளை வரிசைப்படுத்தியபோது கஞ்சமலை, கோதுமலை முதலியவற்றோடு தீர்த்தமலையையும் சேர்த்தார்கள். மனம் கலங்கியவர்களை நீராட்டிய மலையின் பாறைக்குள் காந்தக்கல் பதிந்துகிடந்தது. இந்த ஒற்றுமையிலிருந்து நான் எதையும் நிரூபிக்கப் புறப்படவில்லை. பாறையிலுள்ள காந்தத்தால் யாருடைய சோர்வும் தீர்ந்ததில்லை. ஆனால் காந்தக்கல்லைத் தமிழர் மருந்தாகவும் கொண்டிருந்தனர்; அதைச் சுத்தி செய்து புடமிட்டு எடுக்கும் அயக்காந்தச் செந்தூரத்தை இரத்தக் குறைவுக்குச் சித்த வைத்தியர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். இந்நாட்டுக் கொல்லர் மண் மூசைகளில் உருக்கிய எஃகின் புகழ் இங்கிலாந்து வரையில் எட்டியிருந்தது. ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்த அந்த இந்திய எஃகின் இரகசியத்தை அறிய 1819-ஆம் வருஷத்தில் லண்டனில் ஓர் இளைஞர் அதைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவர் பெயர் மைக்கேல் பாரடே. எஃகின் இரகசியம் அவருக்கு முழுதும் பிடிபடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1831-இல், மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்ற பேருண்மையை அவரே கண்டுபிடித்தார். கம்பிக்குப் பதிலாக அருகில் இருப்பது மனித மூளையானால், அங்கேயும் மின்னோட்டம் எழவேண்டுமல்லவா? 1896-இல் பாரிஸில் தார்சான்வால் என்பவர் பெரிய கம்பிச் சுருளுக்குள் தலையை வைத்தவர்கள் கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றியதாக அறிவித்தார். 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய தோழர்களும் தலையின் மேல் கம்பிச் சுருளை வைத்துக் காந்தத் துடிப்பை விட, எதிர்க்கையின் விரல் அசைந்தது. மண்டையோடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தத்தைத் தடுப்பதில்லை. வலியில்லாமல் வெளியிலிருந்தே மூளையைத் தொடும் வழி அன்று திறந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1995-இல், மார்க் ஜார்ஜ் என்பவர் மருந்துக்கு மசியாத மனச்சோர்வுடைய ஆறு பேருக்கு நாள்தோறும் இதைச் செய்து பார்த்து எழுதினார். 2008-இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சையை அங்கீகரித்தது.

காந்தத்தின் பெயரால் ஏமாற்றியவர்களும் ஏமாந்தவர்களும் அநேகர் ஆகையால், இதை நம்புவதற்கு முன் தயங்குவது நியாயமே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மெஸ்மர் என்பவர் தம்மிடமிருந்து ஒருவகைக் காந்த சக்தி பாய்ந்து நோயைத் தீர்ப்பதாகக் கூறிப் பாரிஸ் நகரையே மயக்கினார். 1784-இல் பதினாறாம் லூயி மன்னர் அதை விசாரிக்க நியமித்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாதாமி மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் சக்தி ஏற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள். சக்தி ஏற்றிய மரத்தை நெருங்குவதற்கு முன்பே, சக்தியில்லாத நான்காவது மரத்தடியில் அவன் மூர்ச்சையாகி விழுந்தான். அவனை வீழ்த்தியது காந்தமன்று, எதிர்பார்ப்பு என்பது தெளிவாயிற்று. இந்தச் சிறுவனை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவன் கண்ணைக் கட்டினார்கள். என்னிடம் விஷயத்தை மறைத்தார்கள். இரண்டும் ஒரே காரணத்துக்காக: ஆசையும் அச்சமும் விடையைக் கெடுத்துவிடக் கூடாது. பொட்டலத்தைப் பெரியவர்கள் எடுக்காமல் குழந்தையைக் கொண்டு எடுக்கச் செய்த எங்கள் முன்னோர், மனித மனம் தான் விரும்பிய விடையையே தேடிப்போகும் என்பதைப் பாரிஸ் பண்டிதர்களைப் போலவே உணர்ந்திருந்தார்கள். ஆனால் பாரிஸில் சக்தியில்லாத மரங்களையும் சோதித்தார்கள். எங்கள் சந்நிதியில் ஒரு பொட்டலத்தை மட்டுமே பிரித்தோம். இன்றைய காந்தச் சிகிச்சையை ஏற்பதற்கு முன் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெய்யான சுருளையும் மற்றதற்கு ஓசை மட்டும் எழுப்பும் போலிச் சுருளையும் வைத்து, யாருக்கு எது என்பதை நோயாளிக்குத் தெரியாமல் காத்து, இறுதியில் இரண்டையும் எண்ணிப் பார்த்தார்கள். மெய்ச்சுருள் வென்றது; பெருவெற்றி என்று சொல்லுவதற்கில்லை, ஆனால் மெய்யான வெற்றி.

செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். நோயாளி நாற்காலியில் விழித்தபடி சாய்ந்திருக்கிறார். மயக்கம் இல்லை, ஊசி இல்லை. எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் வளைத்த கம்பிச் சுருளை இடது நெற்றிக்குச் சற்று மேலே வைக்கிறார்கள். கல்தச்சன் உளியைத் தட்டுவதுபோல் டக் டக்கென்ற ஓசை எழுகிறது. நான்கு விநாடி தட்டு, இருபத்தாறு விநாடி ஓய்வு என்று முப்பத்தேழரை நிமிஷத்தில் 3000 துடிப்புகள். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். கானடாவில் 414 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, வேறொரு தாளத்தில் 600 துடிப்புகளை மூன்றே நிமிஷத்தில் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று காட்டியது. தலைவலி வரலாம், வலிப்பு மிக அரிதாக வரும், தலைக்குள் உலோகம் பொருத்தியிருப்பவர்களுக்கு ஆகாது.

ஆனால் சுருளை எந்த இடத்தில் வைப்பது? ஆரம்பத்தில் இதற்குக் கையாண்ட முறை எளியது. கட்டைவிரலை அசைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னே அளந்து வைத்தார்கள். எல்லார் தலையும் ஒரே அளவா? 2001-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் இப்படி அளந்த 22 பேரைச் சரிபார்த்தபோது, உத்தேசித்த பகுதியில் சுருள் சரியாக அமைந்தது ஏழு பேருக்கே. பலிக்காமல் போனவர்களுக்கு நோய் மசியவில்லையா, அல்லது சுருள்தான் இடம் மாறி நின்றதா என்ற சந்தேகம் இதனால் எழுந்தது.

மூளையின் இணைப்பைப் பற்றிய ஞானம் இங்கே துணைக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு: ஒரு கிணற்றில் இறைத்தால் அரை மைல் தள்ளியுள்ள இன்னொரு கிணற்றில் நீர் இறங்கும், ஒன்றில் ஊறினால் மற்றதிலும் ஊறும். மேலே வாய்க்கால் எதுவும் தெரியாது. கீழே ஊற்று ஒன்று. இந்தியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற பரத் பிஸ்வால் என்ற ஆராய்ச்சியாளர் 1995-இல் மூளையில் கண்டதும் இதைப் போன்றதே. எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்துக்கொண்டே இருந்தால், கையை அசைக்கும் இடது வலது பகுதிகள் இரண்டும், கை அசையாதபோதும், ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. இரத்த ஓட்டத்தின் இந்த மெல்லிய ஏற்ற இறக்கத்தை அளந்து, எந்தப் பகுதி எதனோடு ஊற்றால் கட்டுண்டிருக்கிறது என்று வரைபடம் போடும் கலை அதிலிருந்து வளர்ந்தது. அதுவரை இரைச்சல் என்று தள்ளிவைத்திருந்த ஒன்றை உற்றுப்பார்த்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மற்றொரு திசையில் ஹெலன் மேபெர்க் என்ற நரம்பியல் டாக்டர், மூளையின் நடுவில், நெற்றியின் பின்னே ஆழத்தில் தாழ்ந்திருக்கும் 25-ஆம் பகுதி, துக்கத்தில் கொதிப்பதையும் குணமாகும்போது அடங்குவதையும் 1990-களில் காட்டியிருந்தார். காந்தத் துடிப்போ மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. 25-ஆம் பகுதியை அது நேரே தொடமுடியாது. மேலே தட்டினால் ஆழத்தில் அடங்கும்படியான இணைப்பு உண்டா என்று மைக்கேல் பாக்ஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பாஸ்டனில் தேடி 2012-இல் விடை கூறினார்கள். ஏற்றம் இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: துலாவின் ஒரு முனை தாழும்போது மறுமுனை உயரும். இடது நெற்றிப் பகுதியிலும் சில இடங்கள் 25-ஆம் பகுதியோடு இப்படித் துலா பூட்டியவை; அது ஏறும்போது இவை இறங்குகின்றன. இந்த எதிர்ப்பிணைப்பு எவ்வளவு வலுவாக உள்ள இடத்தில் சுருள் அமைந்ததோ, அவ்வளவுக்குக் குணமும் கூடியிருந்தது. ஐந்து சென்டிமீட்டர் அளவில் சிலர் தேறியதற்கும் சிலர் தேறாததற்கும் ஒரு காரணம் தென்பட்டது.

இதன்பின் நம்பிக்கை வெள்ளமாகப் பெருகிற்று. 2017-இல் நியூயார்க்கிலிருந்து கானர் லிஸ்டன் குழுவினர், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மூளை இணைப்புப் படங்களைக் கணிப்பொறியால் அலசி, மனச்சோர்வு நான்கு வகைப்படும் என்றும், காந்தச் சிகிச்சை எந்த வகையினர்க்கு நன்கு பலிக்கும் என்பதை முன்னமே சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள். பூ கட்டிக் கேட்ட கேள்விக்கு விஞ்ஞானம் விடை கண்டுவிட்டது என்று அன்று நானும் மகிழ்ந்தேன். இரண்டே ஆண்டுகளில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் வேறு நோயாளிகளை வைத்து அதே முறையைப் பின்பற்றிப் பார்த்தார்கள். அந்த நான்கு வகைகள் உறுதிப்படவில்லை. எண்ணிறந்த இணைப்புகளிலிருந்து வேண்டியதைப் பொறுக்கியெடுக்கும்போது, இல்லாத உருவம் மேகத்தில் தெரிவதுபோல் இல்லாத வகையும் தெரியக்கூடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. பிறகு இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்டு ஐந்து ஊர்களில், மருந்துக்கு மசியாத 255 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு அவரவர் மூளை இணைப்பைப் படமெடுத்துத் தேர்ந்த இடத்திலும், மற்றவர்க்கு வழக்கமான இடத்திலும் சிகிச்சை செய்தார்கள். 2024-இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினரும் பல மாதங்களுக்கு நீடிக்கும் நன்மை அடைந்தார்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இல்லை.

இம்முடிவைத் தோல்வியென்று சொல்லுவோரோடு நான் உடன்படமாட்டேன். 25-ஆம் பகுதி மூக்கை ஒட்டிய காற்றறைகளுக்கு அருகில் இருப்பதால் படத்தில் மங்கித் தெரிகிறது. மூச்சும் தலையசைவும் அளவைக் கலைக்கின்றன. இன்று எடுத்த படமும் அடுத்த வாரம் எடுத்த படமும் ஒரே மனிதருக்கே ஒத்துவருவதில்லை. நூறு பேரின் சராசரியில் தெளிவாக நிற்கும் உண்மை, எதிரில் அமர்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது தடுமாறுகிறது. இதற்கு நேர்மாறாக, இணைப்பைப் பார்த்து இடம் தேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து முறையாக ஐந்தே நாளில் சிகிச்சையை முடிக்கும் ஸ்டான்போர்டு முறை மிக உயர்ந்த பலனைக் காட்டி, 2022-இல் அங்கீகாரமும் பெற்றது. ஆனால் போலிச் சுருளோடு ஒப்பிட்ட அந்தப் பரீட்சையில் இருந்தவர்கள் 29 பேர் மட்டுமே, பலனுக்குக் காரணம் இடமா, அளவா என்பதும் தனியே பிரிக்கப்படவில்லை. விசாரணை முடியவில்லை. தாம் விரும்பிய விடை வராதபோதும் எண்ணிக்கையை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்ட நாட்டிங்ஹாம் டாக்டர்களிடம் எனக்கு ஏற்பட்ட பக்தி, வெற்றியை அறிவித்த பலரிடம் ஏற்பட்டதில்லை.

தருமபுரி 1965-இல் தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. 2008-இல் தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். மாஜிஸ்டிரேட் உத்தரவில்லாமல், போலீசில்லாமல், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வரிசையில் நிற்பவரோடு மனச்சோர்வுடையவரும் சீட்டு வாங்கி நிற்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பழைய காலத்தை அறிந்தவர்கள் உணர்வார்கள். ஆயினும், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய ஆய்வு, வயது வந்தோரில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்றும், அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை என்றும் கண்டது. பென்னாகரத்திலோ சித்தேரி மலையிலோ இருந்து ஒருவர் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம்வரை ஆஸ்பத்திரிக்கு வந்துபோவது எப்படி? கூலி போகும், கூட வருபவர் கூலியும் போகும். மூன்று நிமிஷத்தில் முடியும் சிகிச்சைக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். யாருக்குப் பலிக்கும் என்று முன்னமே அறியும் வித்தை உலகில் வேறெவரையும்விட இவர்களுக்கே அதிகம் தேவை. ஏனெனில் பலிக்காத ஒன்றுக்காக அலைந்து தொலைத்த நாட்களை மீட்டுக்கொள்ள இவர்களிடம் வேறு நாட்கள் இல்லை. இணைப்புப் படமெடுக்கும் விலையுயர்ந்த கருவிகளை நம்பிய ஆராய்ச்சியோடு, நோயாளியின் வயது, நோய் நீடித்த காலம், முன்பு பலிக்காத மருந்துகளின் எண்ணிக்கை முதலிய எளிய குறிப்புகளைக் கொண்டே எவ்வளவு தூரம் முன்னறிய முடியும் என்ற ஆராய்ச்சியையும் நம் நாட்டார் முனைந்து செய்யவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அத்தை அதன்பின் பதினொரு வருஷம் இருந்தார். சில தை மாதங்களில் தாமாகவே எழுந்து, தலை வாரி, எல்லாருக்கும் களி கிண்டிப் போட்டு, என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பேசியதுண்டு. மழைக்காலம் தொடங்கினால் திரும்பவும் சுவர். என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ‘நீ என்னடா பண்ணுவே, சாமி சொல்லுச்சு’ என்றார் பாட்டி. அன்று செவ்வரளிப் பொட்டலத்தைப் பூசாரி பிரித்துக் காட்டியதும், என் தகப்பனார் சாமி காலடியில் இருந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமலே, கோயிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் போட்டார். இலை நனைந்து கட்டு தளரும்வரையில் அது சற்று நேரம் மிதந்தது. நான் கிணற்றுமேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.